இரண்டு தாள்களுக்கு நடுவே

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. 1997இல் நான் வரைந்த ஒரு மனைப்பிரிவின் அமோனியா பிரிண்டை அதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். கோடுகள் வெளிறிவிட்டன. மடிப்பு விழுந்த இடங்களில் தாள் விட்டுப்போய், ஒட்டிய செல்லோடேப்பும் பழுப்பேறிக் காய்ந்துவிட்டது. மொத்தம் ஐந்து ஏக்கர். வடமேற்கு மூலையில் ‘பூங்கா’ என்று எழுதி, வட்ட டெம்ப்ளேட்டை வைத்து முப்பத்தொரு சின்ன வட்டங்கள் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வட்டமும் ஒரு மரம். மரம் போட்டுக் காட்ட வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. அன்று சாயங்காலம் வேலை சீக்கிரம் முடிந்தது. அந்த மூலையை வெறுமையாக விட மனசு கேட்கவில்லை, போட்டேன்.

அந்த மூலையில் இன்று ஆறு வீடுகள் நிற்கின்றன. அதே மனைப்பிரிவில் 27ஆம் எண் மனையில்தான் நான் குடியிருக்கிறேன். கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த ஆறு வீட்டைத் தாண்டித்தான் நடக்கிறேன்.

முப்பத்தேழு வருடம் மனை வரைபடம் வரைந்தே பிழைத்தவள் நான். வேலையை விட்ட பிறகும் தெரிந்தவர்கள் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: “இது அப்ரூவல் ஆன இடமா அக்கா?” ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்ரூவலுக்கு இரண்டு தாள் உண்டு. முதல் தாளுக்கு ஓர் ஆயுள் இருக்கிறது. அந்த ஆயுளுக்குள் இரண்டாம் தாள் வந்து சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் எழுத நினைத்தேன். எனக்கு முந்தைய வரலாறும் என் கண்முன் நடந்ததும் இதில் கலந்தே வரும்.

* * *

ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடித்து, 1982இல் தாம்பரத்தில் ஒரு சர்வேயர் ஆபீஸில் சேர்ந்தேன். அந்த ஆபீஸில் நான்தான் முதல் பெண். டிரேசிங் தாளை மேசையில் இழுத்து ஒட்டுவது, ராட்ரிங் பேனாவில் மை அடைக்காமல் பார்த்துக்கொள்வது, தப்பாக விழுந்த கோட்டை அரை பிளேடால் தாள் கிழியாமல் சுரண்டி எடுப்பது, இவையெல்லாம் முதல் ஆறு மாதப் பாடம். வரைந்து முடித்ததும் அமோனியா பிரிண்ட் போட எடுத்துப் போவோம். அந்த நெடி புடவையில் ஏறி வீடு வரைக்கும் கூட வரும்.

ஆபீஸ் மூலையில் ஒரு பழைய கண்டர் சங்கிலி தொங்கும். 66 அடி நீளம், 100 லிங்க். வேலைக்கு அப்போதே மெட்ரிக் சங்கிலியும் டேப்பும் வந்துவிட்டன. ஆனாலும் எங்கள் சார் முதல் நாளே அந்தச் சங்கிலியைக் கையில் கொடுத்துக் கணக்கு சொன்னார்: “இந்தச் சங்கிலி நீளத்துக்குச் சதுரம் போட்டா, பத்துச் சதுரம் ஒரு ஏக்கர். ஏக்கரை நூறா உடைச்சா சென்ட், 435.6 சதுர அடி. மெட்ராஸ்காரங்க கேக்கிற கிரவுண்டு 2,400. இந்த மூணும் தூக்கத்துல கேட்டாலும் வரணும்மா.” இன்றைக்கும் வருகிறது.

செயின்மேன் ஒருவர் இருந்தார். வயதில் பெரியவர், எல்லோருக்கும் அண்ணே. என்னை ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். முதலில் என்னை நிலத்துக்கு அழைத்துப்போக மாட்டார்கள். ஒருநாள் அவர்தான் சாரிடம் சொல்லி அழைத்துப்போனார். அறுவடை முடிந்த தாள் காலைக் குத்தியது. வரப்பு ஓரத்தில் புதர் விலக்கி ஒரு சர்வே கல்லைக் காட்டி, “படத்துல இருக்கிறது எல்லாம் கோடு பாப்பா. இதுதான் இடம். கோடு சீக்கிரம் மாறும், கல்லு லேசுல மாறாது” என்றார். அவர் சொன்னதில் பாதிதான் சரி. கல்லும் மாறியதைப் பின்னால் பார்த்தேன்.

* * *

ஒரு மனைப்பிரிவு எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். நிலத்துக்காரர் பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் எல்லாவற்றையும் கொண்டுவருவார். நாங்கள் நிலத்தை அளந்து, சுற்றியுள்ள சாலை, ஓடை, மின்கம்பி, கிணறு வரைக்கும் குறித்து, தெருக்களையும் மனைகளையும் போட்டு ஒரு படம் வரைவோம். அது நகரமைப்பு அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் நிலத்தைப் பார்த்து, தெரு எங்கே சேர வேண்டும், பூங்கா எந்தப் பக்கம் வர வேண்டும் என்று திருத்திக் கொடுப்பார்கள். ‘ரோடு பேட்டர்ன் ஆயிடுச்சு’ என்போம். அதோடு ஒரு கடிதம் வரும்: கட்டணங்களைக் கட்டுங்கள், தெருக்களையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சி மன்றத்தின் பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுங்கள். இது முதல் தாள்.

தானப் பத்திரம் பதிவான பிறகுதான் எண் போட்ட இறுதி வரைபடம் வரும், உள்ளாட்சி மன்றமும் முத்திரை வைக்கும். அது இரண்டாம் தாள்.

முதல் தாளில் இருக்கும் பூங்காவுக்குச் சொந்தக்காரர் மனை போடுகிறவரேதான். தானப் பத்திரம் பதிவாகும் நிமிடம் வரை பட்டாவில் அவர் பெயர், வில்லங்கத்தில் அவர் பெயர். நான் முப்பத்தொரு மரம் வரைந்தாலும் முந்நூறு மரம் வரைந்தாலும் அது அவருடைய காலி நிலம். அதனால்தான் முதல் தாளுக்குக் கெடு வைத்தார்கள். கெடு என்பது அதிகாரிகளின் அவசரத்துக்காக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நிலம் பாதி பொதுவாகவும் பாதி தனியாகவும் அந்தரத்தில் தொங்கக் கூடாது என்பதே அதன் நியாயம்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். ஐந்து ஏக்கர் என்பது 2,17,800 சதுர அடி. தெருக்களுக்கு ஏறத்தாழ முப்பது விழுக்காடு போனால் மிச்சம் 1,52,460. தெரு நீங்கலான பரப்பில் பத்து விழுக்காடு பூங்காவுக்கு, அதாவது 15,246 சதுர அடி. ஆறு கிரவுண்டுக்கும் மேல். மனை போட்டவர் கையெழுத்துப் போட்டுச் சும்மா கொடுக்க வேண்டிய ஆறு கிரவுண்டு! விலை ஏறிக்கொண்டிருக்கும் ஊரில், ஒவ்வொரு மாதமும் அந்தக் கையெழுத்தின் விலையும் ஏறிக்கொண்டே போகும். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஆதாயம்.

“அப்ரூவல் ஆச்சா சார்?” என்று கேட்டால் மனை விற்பவர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதை என் காதால் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். “எல்லாம் ஆச்சுங்க, கிஃப்ட் டீடு மட்டும்தான் பாக்கி.” அந்த ‘மட்டும்தான்’ என்ற சொல்லுக்குள் ஒரு பூங்காவே காணாமல் போய்விடும்.

* * *

இந்தக் கட்டுப்பாடு எல்லாம் நேற்று வந்தவை இல்லை. நூறு வருடத்துக் கதை.

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது நம் எல்லோருக்கும் தெரியும். அதே எம்டன் அடுத்த மாதம் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலில், நகரங்களை எப்படி அமைக்க வேண்டும் என்பதைக் காட்டும் படங்களும் வரைபடங்களும் வந்துகொண்டிருந்தன. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ், ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் சென்னையில் காட்சி வைப்பதற்காக வருடக்கணக்கில் சேர்த்தவை அவை. எல்லாம் கடலுக்குள் போயின. கெடிஸ் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் இங்கிலாந்திலிருந்து புதிதாகச் சேர்த்து அனுப்ப, 1915இல் சென்னையில் அந்தக் கண்காட்சி நடந்தது. மதுரை, தஞ்சாவூர், கோயம்புத்தூர் என்று நம் ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். தெருவை நேராக்குகிறேன் என்று குடியிருப்பவர்களை இடித்துத் தள்ளாதே, இருக்கிற மரத்தையும் குளத்தையும் வைத்தே ஊரைச் சீர் செய் என்பது அவர் கொள்கை. வரைபடங்கள் முழுசாக அழிந்தும் ஒரு மனிதர் திரும்ப எழுந்தார் என்பதை நினைத்தால், வரைகிறவளாக எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. பம்பாய் மாகாணம் அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1915இல், தன் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. சென்னை மாநகராட்சிக்கான 1919ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மாவட்ட நகராட்சிகளுக்கான 1920ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இன்னொரு விதி இருந்தது: நிலத்தை வீட்டுமனையாக விற்கிறவர், அந்த மனைகள் ஏற்கெனவே உள்ள தெருவை ஒட்டி இல்லாவிட்டால், தெரு அமைத்துத் தர வேண்டும். எத்தனை தெளிவான நியாயம்! விற்பனையையும் தெருவையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார்கள்.

அந்த நகரமைப்புச் சிந்தனை சென்னையில் பெரிதாகச் செயலுக்கு வந்தது மாம்பலத்தில். 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் தெருக்கள். 1925இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயர் ஊருக்கு வந்தது. ஏரியைத் தூர்த்தது பெரிய பிழை. அதற்கான விலையை மழைக்காலம்தோறும் சென்னை கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் பூங்கா பூங்காவாகவே இருக்கிறது. நூறு வருடமாக அதை யாரும் மனை போடவில்லை. திட்டம் போட்டதும் பொது, நிலத்தைக் கைக்கொண்டதும் பொது என்பதால் அங்கே இரண்டு தாளுக்கு நடுவே இடைவெளி இல்லை.

* * *

இப்போது நடைமுறையில் இருப்பது 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் 50ஆவது பிரிவை எங்கள் சார் டைப் அடித்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். கொடுத்த அனுமதி மூன்று வருடத்துக்குச் செல்லும். முடிவதற்கு முன் விண்ணப்பித்தால் நீட்டிக்கலாம். எல்லா நீட்டிப்பும் சேர்ந்து மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. காலாவதியானால் புதிதாக விண்ணப்பிக்கத் தடையில்லை. பின்னாளில் அந்த மூன்று வருடத்தை ஐந்தாக்கினார்கள்.

படிக்கும்போது எவ்வளவு சீராக இருக்கிறது பாருங்கள். கெடு உண்டு, நீட்டிப்பு உண்டு, நீட்டிப்புக்கும் எல்லை உண்டு, எல்லைக்கு அப்பால் புதிதாகத் தொடங்க வழியும் உண்டு. சார் சொல்வார்: “சட்டம் எழுதினவனுக்கு நிலத்தைப் பத்தித் தெரிஞ்சிருக்கு. பணம் புரட்டவும் பாகப் பிரச்சினை தீரவும் நாள் ஆகும்னு தெரிஞ்சுதான் நீட்டிப்பு வெச்சிருக்கான்.” சென்னைப் பெருநகருக்கு முதல் முழுமைத் திட்டம் 1975 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் பிரித்த மனையா, பின் பிரித்த மனையா என்று இன்றும் பத்திரத்தைப் புரட்டுவார்கள். ஒரு தேதிக்கு அவ்வளவு வலு இருந்த காலம் அது.

வலு குறைந்தது எப்போது? ஜி.எஸ்.டி. சாலை ஓரம் வயல்களெல்லாம் கொடி கட்டிய மனைகளாக மாறியபோது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தி. நகரிலிருந்து இலவச வேன் கிளம்பும். தயிர்சாதப் பொட்டலம், ஒரு குடை, மாதத் தவணை அட்டை. வரிசையாக வெள்ளையடித்த மனைக் கற்கள். 16 அடித் தெரு போட்டால் ஒரு ஏக்கரில் கூடுதலாக இரண்டு மூன்று கிரவுண்டு கிடைக்கும். அனுமதி கேட்டால் 24 அடியும் 30 அடியும் விட வேண்டும், பூங்காவும் விட வேண்டும். 1996இல் பத்து வருடம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் நடந்து ஊராட்சிகளுக்குத் தலைவர்கள் வந்தார்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் காற்றில் பரவியது. நகரமைப்பு அலுவலகத்தின் இசைவு இல்லாமல் ஊராட்சி முத்திரை மட்டும் வைத்த படம் செல்லாது. வாங்க வருகிற பள்ளிக்கூட ஆசிரியருக்கும் பஸ் டிரைவருக்கும் அது எப்படித் தெரியும்? வட்ட முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமும் பதிவாகிறது. அப்போது பத்திரம் பதிய மனை அனுமதி கேட்க மாட்டார்கள். முடிச்சு அவிழ்ந்தது அங்கேதான். தெருவும் பூங்காவும் வருவதற்கு முன்பே விற்பனை நடக்கலாம் என்று ஆகிவிட்டது.

* * *

என் கதை இதற்குள்தான் வருகிறது.

1997இல் நான் வரைந்த அந்த ஐந்து ஏக்கருக்கு முதல் தாள் வந்தது. நல்ல படம். 30 அடிப் பிரதான தெரு, 24 அடிக் குறுக்குத் தெருக்கள், மழைநீர் போகிற பக்கமாகப் பூங்கா. மனை போட்டவர் ஆபீஸுக்கு வரும்போது ஒருநாள், “நீங்களே ஒண்ணு எடுத்துக்குங்களேன் மேடம், விலையில பார்த்துக்கலாம்” என்றார். நான் வரைந்த படம், எனக்குத் தெரிந்த மண். என் வீட்டுக்காரர் அச்சகத்தில் கம்போஸிங் வேலை பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து சீட்டுக் கட்டி, என் வளையலை அடகு வைத்து, 1998இல் 27ஆம் எண் மனையை வாங்கினோம். கிரையத்தன்று நான் கேட்டேன். “தானப் பத்திரம் போட்டாச்சுங்களா?” அவர் சொன்னார்: “அது மட்டும்தான் பாக்கி மேடம். அடுத்த வாரம்.”

தொழில் தெரிந்தவள் நான். அந்த வாக்கியத்தைப் பிறர் சொல்லக் கேட்டால் எச்சரித்திருப்பேன். நான் வரைந்த மரங்கள்மேல் இருந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

வீடு கட்டக் கடன் கேட்டுப் போனபோது வங்கியில் இறுதி வரைபடம் கேட்டார்கள். இல்லை. கடனும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி 2001இல் குடி போனோம். அதற்குள் முதல் தாளின் மூன்று வருடம் முடிந்துவிட்டது. நீட்டிப்பு கேட்டு யாரும் விண்ணப்பிக்கவில்லை. 2003இல் ஒரு காலையில் பூங்கா மூலையில் ஆட்கள் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். பவர் ஏஜென்ட் ஒருவர் அதை ஆறு மனையாகப் பிரித்து விற்றுவிட்டார். செயின்மேன் அண்ணன் சொன்ன கல்லும் மாறிய நாள் அது.

பிரிண்டை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். “முதல் கட்டம்தான் ஆகியிருக்கு. தானப் பத்திரம் எங்கே?” என்று எல்லா இடத்திலும் அதே கேள்வி. பட்டாவில் விற்றவர் பெயர். வாங்கிய ஆறு குடும்பமும் என்னைப்போலவே சீட்டுக் கட்டியும் நகை வைத்தும் வாங்கியவர்கள். மூலை வீட்டு அம்மா புதுமனைப் புகுவிழாவுக்குத் தாம்பூலத்தோடு வந்து கூப்பிட்டார்கள். போனேன். பால் பொங்கியது. அந்த அம்மாவிடம் என்ன கோபப்படுவது? அவர்களுக்குப் பூங்காவைப் பற்றி யாருமே சொல்லவில்லை.

* * *

இந்த மாதிரி ஆயிரக்கணக்கான மனைப்பிரிவுகள் சேர்ந்துவிட்ட பிறகு அரசுகள் எடுத்த வழி ஒழுங்குபடுத்துதல். கட்டடங்களுக்கு இது முதலில் வந்தது. 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28க்குள் கட்டி முடித்த விதிமீறல்களைக் கட்டணம் வாங்கி ஒழுங்குபடுத்தலாம் என்றார்கள். ஒரே ஒரு முறை என்று சொல்லப்பட்டது. பிறகு அந்தத் தேதியை மறுபடியும் மறுபடியும் தள்ளினார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் வந்த ஒரு முறை மட்டுமே செல்லும், அடுத்தடுத்த நீட்டிப்புகள் செல்லாது என்றது.

மனைகளுக்கான திருப்பம் 2016இல் வந்தது. ‘யானை’ ராஜேந்திரன் என்று அழைக்கப்படும் வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில், அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு 2009ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே சேர்த்திருந்தது. அனுமதியில்லாத மனையைப் பதிய மறுக்கச் சொல்லும் பிரிவு அது. ஏழு வருடம் அமலுக்கு வராமல் கிடந்து, 2016 அக்டோபர் 20 அன்றுதான் உயிர் பெற்றது. அந்த ஏழு வருடத்தில் எத்தனை ஏரிக்கரைகள், எத்தனை பூங்காக்கள் கைமாறியிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. நடுவே 2015 டிசம்பர் வெள்ளமும் வந்து போனது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். படத்தில் மழைநீர் இறங்க வேண்டிய மூலையில் ஆறு வீடு நின்றால் தண்ணீர் எங்கே போகும்?

2017 மே 4இல் ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்து, ஒரு மனையாவது விற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். நீர்வழி, புறம்போக்கு நிலங்களுக்குக் கிடையாது. முதலில் மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கை அளவில் ஒப்புதல், பிறகு தனித்தனி மனைக்கு ஆணை. விண்ணப்பிக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். ஆறு மாதம் ஒரு வருடம் ஆனது. பிறகும் பல முறை நீண்டது.

எங்கள் தெருச் சங்கத்தில் கூட்டம் போட்டோம். முதல் கெடுவுக்குள் விண்ணப்பிக்கலாம் என்று நான் கெஞ்சினேன். பாதிப் பேர் வரவில்லை. பின் வீட்டுத் தம்பி, “அவசரப்படாதீங்கக்கா, நீட்டிப்பாங்க” என்றார். நீட்டித்தார்கள். அடுத்த கெடுவுக்கு இன்னும் குறைவானவர்களே வந்தார்கள். நீளும் என்று தெரிந்துவிட்ட கெடுவை யாரும் நாள்காட்டியில் குறித்துவைப்பதில்லை. முதல் கெடுவை நம்பி ஓடியவர் ஏமாளி போலவும் காத்திருந்தவர் கெட்டிக்காரர் போலவும் ஆகிவிடுகிறது. ஒரு ஊருக்கு இதைவிடக் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது.

மனைப்பிரிவு ஒப்புதலுக்கு இன்றைய நிலையைக் காட்டும் படம் வேண்டும். யார் வரைவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் ஆட்டோகேடைத் திறந்து, இருபது வருடம் முன்பு பேனாவால் வரைந்த அதே ஐந்து ஏக்கரை மறுபடியும் வரைந்தேன். தெருக்கள் வந்தன. மனை எண்கள் வந்தன. வடமேற்கு மூலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே ஆறு மனை போட வேண்டும். இருப்பதைத்தான் வரைய வேண்டும், அதுதான் தொழில் தர்மம். போட்டேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. என் கையால் வரைந்த பூங்காவை என் கையாலேயே அழித்தேன் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. 2019இல் எங்கள் மனைக்கு ஆணை வந்தது. அதை வாங்கிய மாதமே வேலையை விட்டேன்.

* * *

என் மகள் கலிபோர்னியாவில் சிவில் என்ஜினியராக இருக்கிறாள். இதையெல்லாம் போனில் சொன்னபோது, “இங்கேயும் நீட்டிப்பு உண்டும்மா” என்றாள். அங்கே மனை பிரிக்கும் நிலத்துக்கு முதலில் உத்தேச வரைபடம், பிறகு இறுதி வரைபடம். உத்தேச வரைபடத்துக்கு ஆயுள் 24 மாதம். நகராட்சி அதை நீட்டிக்கலாம். 2008இல் வீட்டுச் சந்தை சரிந்து கட்டுமானம் அப்படியே நின்றபோது, மாநிலச் சட்டமன்றமே உயிரோடிருந்த உத்தேச வரைபடங்களின் ஆயுளை ஒரு வருடம் கூட்டியது. 2009, 2011, 2013 என்று மூன்று தடவை இரண்டிரண்டு வருடம் மேலும் கூட்டியது.

“அப்போ உங்க ஊரும் எங்க ஊர் மாதிரிதானா?” என்றேன்.

“இல்லம்மா. இறுதி வரைபடம் பதிவாகாம ஒரு மனைகூட விக்க முடியாது. அதனால எத்தனை வருஷம் நீட்டினாலும் வாங்கினவங்க யாரும் மாட்டிக்கலை. கம்பெனிக்குத்தான் காத்திருப்பு.”

அன்றைக்குத்தான் என் மனசில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. நீட்டிப்பு கெட்டது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். வங்கி கைவிரிக்கலாம், பங்காளி வழக்குப் போடலாம், கொள்ளைநோய் வரலாம். காலம் கேட்பது குற்றமில்லை. விற்பதற்கு முன் கொடுக்கும் காலம் விற்பவரின் தோளில் ஏறுகிறது. விற்ற பிறகு கொடுக்கும் காலம் வாங்கியவரின் தலையில் விழுகிறது. 1919லும் 1920லும் நம் நகராட்சிச் சட்டங்களை எழுதியவர்கள் தெருவையும் விற்பனையையும் ஒரே முடிச்சில் கட்டியது இதற்காகத்தான்.

அந்த முடிச்சு இப்போது திரும்பியிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மத்திய ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. பதிவுக்கும் கெடு உண்டு. போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்ற பேரிடருக்கு நீட்டிப்பு உண்டு, மற்றக் காரணங்களுக்கு மொத்தம் ஒரு வருடம்தான். கொரோனா வந்தபோது அதையும் பேரிடராகக் கொண்டு ஆறு மாதம் கொடுக்கச் சொன்னது மத்திய அரசு. இப்படி எழுதியிருப்பதைப் படிக்கும்போது, சார் சுவரில் ஒட்டிய அந்த டைப் அடித்த தாள் நினைவுக்கு வருகிறது.

* * *

போன வருடம் எதிர்த்தெரு பையனும் அவன் மனைவியும் வந்தார்கள். பக்கத்தில் ஒரு புது மனைப்பிரிவுக்கு டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார்களாம். அவள் உற்சாகமாகச் சொன்னாள்: “எல்லாம் ஆச்சு ஆன்ட்டி. கிஃப்ட் டீடு மட்டும்தான் பாக்கியாம்.”

பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கச் சொன்னேன். பிரிண்டைத் தரையில் விரித்து வடமேற்கு மூலையைக் காட்டினேன். அந்தப் பெண் குனிந்து வட்டங்களை எண்ணினாள். முப்பத்தொன்று. பிறகு ஜன்னல் வழியே அந்தப் பக்கம் பார்த்தாள். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. தானப் பத்திர எண்ணும் தேதியும் கையில் வந்த பிறகு ஒரு ரூபாய் கொடுத்தால் போதும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நாலு மாதம் கழித்து இரண்டு பேரும் ஜெராக்ஸ் நகலோடு வந்தார்கள். தெருக்களும் பூங்காவும் ஊராட்சியின் பெயருக்குப் பதிவாகியிருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு போய்ப் பார்த்தேன். பூங்கா இடத்தைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்பி, வாசலில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதில் தானப் பத்திர எண் எழுதியிருந்தது. உள்ளே ஒரு மரம்கூட இல்லை, நெருஞ்சிமுள்தான். மரம் வைக்க இடம் இருந்தது.